தாத்தா பட்டாளத்துல இருந்தாராம்: பேப்பர் தேடப் போறவங்க முதல்ல எந்தப் பக்கம் போறது?

எங்க அம்மாவோட அப்பா ரெண்டாம் உலகப் போர்ல பர்மா பக்கம் இருந்தார்னு வீட்டுல எல்லாருக்கும் தெரியும், அதுக்கு மேல ஒருத்தருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. லாரி ஓட்டினார்னு பெரிய மாமா, இல்லடா பாலம் கட்டினார்னு சின்ன மாமா, சித்தி மட்டும் ஜப்பான்காரன்கிட்ட மாட்டி ராத்திரியோட ராத்திரியா ஆத்துல நீந்தி தப்பிச்சார்னு ஒரு முழுப் படமே ஓட்டுவாங்க. தாத்தாவுக்கு நீச்சல் தெரியாதுங்கறது அம்மா சொல்ற தகவல். சரி, இதுக்கெல்லாம் ஏதாவது பேப்பர் இருக்கும்ல, தேடிப் பாப்போம்னு நான் இறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. அதுல முதல் எட்டு மாசம் தப்பான இடத்துல தேடினேன், கொஞ்சம் காசும் போச்சு. அதே மாதிரி இறங்கப் போறவங்களுக்காக எந்த வழி யாருக்கு ஒத்து வரும்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

இது மெட்ராஸ் மாகாணத்துலேருந்து பிரிட்டிஷ் இந்தியன் ஆர்மிக்கு போன சாதாரண சிப்பாய்களப் பத்தி மட்டும்தான். உங்க தாத்தா ஆபீசரா இருந்திருந்தா உங்க கதை ரொம்ப ஈசி, லண்டன்ல பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கற இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல ஆபீசர்களோட ஃபைல் இருக்கு. சிப்பாய்களோட ஃபைல் அங்க கிடையாது, அதெல்லாம் இந்தியாவுலயே அந்தந்த ரெஜிமென்ட்டுகள்கிட்ட தங்கிடுச்சு, 1947 பிரிவினைல பாகிஸ்தானுக்கு போன ரெஜிமென்ட்டோட பேப்பர் அதுங்களோட அங்க போயிடுச்சு. கூகுள்ல "இந்தியன் ஆர்மி வேர்ல்ட் வார் ரெக்கார்ட்ஸ்"னு தட்டினா வர்றதெல்லாம் லண்டன் லண்டன்னு காட்டும், அத நம்பி நானும் போனேன்.

எந்த வழின்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மூணு கேள்விக்கு வீட்டுலயே பதில் தேடிக்கணும். போர்ல இறந்தாரா, திரும்பி வந்தாரா? திரும்பி வந்தவர்னா பென்ஷன் வாங்கினாரா, இல்ல போர் முடிஞ்சதும் வெறும் கையோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா? எந்தப் பிரிவுல இருந்தார்? இந்த மூணும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சது, ஏன்னா ஒவ்வொரு பதிலும் உங்கள வேற வேற ஆபீஸ் வாசலுக்கு அனுப்பும்.

முதல்ல காசு கட்டற வம்சாவளி வெப்சைட்டுகள சொல்லி முடிச்சிடறேன், ஏன்னா எல்லாரும் அங்கதான் முதல்ல போறாங்க. நான் ஒண்ணுல ஆறு மாசம் சந்தா கட்டினேன், கிடைச்சது பூஜ்யம். அந்த சைட்டுகள்ல இந்தியா சம்பந்தமா இருக்கறது பெரும்பாலும் இங்க வேலை பாத்த வெள்ளைக்காரக் குடும்பங்களோட ஞானஸ்நானம், கல்யாணம், சாவு ரெஜிஸ்டர். நம்ம ஆளுங்க சர்ச் ரெஜிஸ்டர்ல இருந்தா ஒரு வாய்ப்பு இருக்கு, மத்தவங்களுக்கு அது கிணத்துல கல்லு போட்டு சத்தம் கேக்கற கதைதான். பேரு ஸ்பெல்லிங் வேற ஒரு தலைவலி. முத்துசாமிங்கற ஒரே பேர வெள்ளைக்கார கிளார்க்குங்க நாலஞ்சு விதமா எழுதி வச்சிருக்காங்க, இனிஷியலும் இருக்காது, அப்பா பேரு இருக்கலாம் இல்லாமலும் போகலாம். ராணுவத்துல ஒவ்வொரு சிப்பாய்க்கும் கொடுத்த நம்பர் இல்லாம பேர மட்டும் வச்சு தேடறது வைக்கோல் போர்ல ஊசி தேடற மாதிரிதான்.

அடுத்தது காமன்வெல்த் போர்க் கல்லறை கமிஷன். இவங்க சைட் இலவசம், நல்லாவும் இருக்கும், ஆனா ஒரு விஷயம் முதல்லயே தெரிஞ்சுக்கணும், இது செத்தவங்களுக்கு மட்டும். ரெண்டாம் போர்னா 1939 செப்டம்பர் 3லேருந்து 1947 டிசம்பர் 31க்குள்ள இறந்தவங்க, முதல் போர்னா 1914 ஆகஸ்ட் 4லேருந்து 1921 ஆகஸ்ட் 31க்குள்ள. ரெண்டாம் போர்ல இந்தியன் ஆர்மில சுமார் 25 லட்சம் பேர், இறந்தவங்க சுமார் 87,000. கணக்கு போட்டு பாருங்க, நூத்துக்கு 96 பேருக்கு மேல திரும்பி வந்தவங்க, அவங்க யாரும் அந்த லிஸ்ட்ல இருக்க மாட்டாங்க. நான் எங்க தாத்தா பேர அங்க மூணு நாள் தேடினேன், அவர் 1983ல எங்க வீட்டுத் திண்ணைல இறந்தவர். சிரிக்காதீங்க, நிறைய பேர் இதத்தான் பண்றாங்க.

ஆனா உங்க குடும்பத்துல "போனவர் திரும்பியே வரல"ன்னு ஒரு கதை இருந்தா கண்ண மூடிக்கிட்டு இங்கதான் ஆரம்பிக்கணும். நிறைய என்ட்ரில அப்பா பேரு, பொண்டாட்டி பேரு, ஊரு, மாவட்டம் வரைக்கும் இருக்கும். மாவட்டம் மட்டும் பழைய பேர்ல தேடணும், டின்னவேலி, ட்ரிச்சினாபோலி, டாஞ்சோர், ராம்நாட், நார்த் ஆர்காட், சவுத் ஆர்காட், செங்கல்பட்டுக்கு சிங்கிள்புட். உடம்பு கிடைக்காதவங்க பேரு நினைவுச் சின்னத்துல இருக்கும், பர்மால இறந்தவங்களுக்கு ரங்கூன் மெமோரியல், அதுல மட்டும் கிட்டத்தட்ட 27,000 பேரு. மலேயா, சிங்கப்பூர்னா கிராஞ்சில இருக்கற சிங்கப்பூர் மெமோரியல். இந்துக்கள எரிச்சிருந்தா இம்பால் மாதிரி இடங்கள்ல தகன நினைவுச் சின்னம்னு தனியா இருக்கு, கல்லறைய மட்டும் தேடிட்டு இல்லன்னு விட்டுடாதீங்க.

முதல் போர்ல இறந்தவர்னா இங்கயும் கிடைக்காமப் போகலாம், அதுக்கு நீங்க காரணம் இல்ல. ஈராக்ல இருக்கற பஸ்ரா மெமோரியல்ல இந்திய ஆபீசர்களுக்கு பேரு வெட்டினாங்க, சிப்பாய்களுக்கு இந்த ரெஜிமென்ட்ல இத்தன பேருன்னு எண்ணிக்கைய மட்டும் வெட்டினாங்க. 2021ல அந்த கமிஷனே ஒரு அறிக்கைல ஒத்துக்கிட்டாங்க, குறைஞ்சது 1,16,000 பேரு, பெரும்பாலும் ஆப்பிரிக்கா, இந்தியா, எகிப்துக்காரங்க, பேரு போட்டு நினைவுகூரப்படல, அது 3,50,000 வரைக்கும் கூட இருக்கலாம்னு. உசுரக் கொடுத்தவனுக்கு ஒரு பேரு வெட்ட கல்லு இல்லாம போச்சான்னு அத படிச்சப்ப எனக்கு பத்திக்கிட்டு வந்தது.

இப்ப திரும்பி வந்தவங்க கதை, நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு இதுதான். இதுக்கு என் கட்சி ஒண்ணே ஒண்ணு, ராணுவ நம்பர் கிடைக்கற வரைக்கும் வீட்ட விட்டு வெளிய தேடாதீங்க. ட்ரங்க் பெட்டி, பரண், பூஜை ரூம் டிராயர், பேங்க் லாக்கர், எல்லாத்தையும் கொட்டிப் பாத்துடுங்க. டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் கிடைச்சா அதிர்ஷ்டம். கிடைக்கலன்னா மெடல் இருக்கான்னு பாருங்க. இந்தியன் ஆர்மிக்காரங்களுக்கு கொடுத்த மெடல்ல அவங்க நம்பர், பேரு, பிரிவு பொறிச்சு கொடுத்தாங்க, அதே ரெண்டாம் போர்ல பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு வெறும் மெடல்தான், பேரு கிடையாது. ரவுண்டு மெடல்னா ஓரத்துல, நட்சத்திர மெடல்னா பின்பக்கம். முதல் போர் மெடல் வெள்ளிங்கறதால நிறைய வீட்டுல அது கொலுசாவோ அரைஞாணாவோ மாறியிருக்கும், ரெண்டாம் போர் மெடல்ல வெள்ளி இல்லாததால பொழச்சுது.

எங்க வீட்டுல சின்ன மாமா பையன் சின்னதுல வச்சு விளையாடின நட்சத்திரம் ஒண்ணு தையல் மெஷின் டப்பால கிடந்தது. பர்மா ஸ்டார். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் போட்டு லேசா துடைச்சு, போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாத்தா பின்னாடி ஒரு நம்பர், தாத்தா பேரு ரெண்டு எழுத்து தப்போட, அப்புறம் ஆர்.ஐ.ஏ.எஸ்.சி. ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கார்ப்ஸ், அதாவது சப்ளையும் போக்குவரத்தும். பெரிய மாமா அன்னிக்கு முழுக்க காலர தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சார். (புளி, பிராஸோ எல்லாம் போட்டு தேய்க்காதீங்க, எழுத்து மழுங்கிடும்.)

மெடலும் இல்லன்னா இன்னொரு இடம் இருக்கு, இத யாரும் சொல்றதில்ல. மாவட்டத் தலைநகர்ல முன்னாள் படைவீரர் நல அலுவலகம்னு ஒண்ணு இருக்கும். ரெண்டாம் உலகப் போர்ல இருந்து பென்ஷன் இல்லாம வந்தவங்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாசாமாசம் உதவித்தொகை கொடுக்குது, அதுக்கு அப்ளை பண்ணும்போது படைல இருந்ததுக்கு ஆதாரம் காட்டியிருப்பாங்க. பாட்டி அந்தப் பணம் வாங்கினாங்கன்னா அந்த ஃபைல்ல நம்பர் இருக்கும். நேர்ல போங்க, வாரிசுன்னு காட்ட ஏதாவது கைல வச்சுக்கோங்க, அங்க உக்காந்திருக்கற பெரியவர்கள் நிறைய பேரு முன்னாள் ராணுவத்துக்காரங்கதான், தாத்தா கதைய சொன்னா உக்கார வச்சுப் பேசுவாங்க.

நம்பர் கைல வந்ததும் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது ஒவ்வொரு பிரிவும் தன் சிப்பாய்களோட பேப்பர வச்சிருக்கற ராணுவ ஆபீஸ். இதுதான் இருக்கறதுலயே கனமான வழி. எந்த ரெக்கார்ட் ஆபீஸ்ங்கறதுலதான் நான் கோட்டை விட்டேன், மெட்ராஸ்காரர்னா மெட்ராஸ் ரெஜிமென்ட்டாத்தான் இருக்கும்னு ஒரு நெனப்பு, மெடல் கிடைக்கறதுக்கு முன்னாடியே நீலகிரி வெலிங்டன்ல இருக்கற அந்த ரெஜிமென்ட் ஆபீஸுக்கு ஒரு லெட்டர் போட்டேன், அப்படி ஒருத்தர் எங்ககிட்ட இல்லன்னு ரெண்டு வரில பதில் வந்தது. என் தப்புதான். கொஞ்சம் படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், மெட்ராஸ் ரெஜிமென்ட்ட ரெண்டு போருக்கும் நடுவுல படிப்படியா கலைச்சுட்டு ரெண்டாம் போர் நடக்கும்போதுதான் மறுபடி எழுப்பினாங்க. 1940ல சேந்த தமிழர் காலாள்படைல இருக்கற வாய்ப்பு கம்மி, மெட்ராஸ் சாப்பர்ஸ் (பாலம், ரோடு போடற எஞ்சினியர் பிரிவு), சர்வீஸ் கார்ப்ஸ், சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), பயனியர் (உடல் உழைப்பு வேலைப் பிரிவு), மெடிக்கல் இப்படித்தான் இருக்கும். சாப்பர்ஸ்னா பெங்களூர்ல இருக்கற மெட்ராஸ் எஞ்சினியர் குரூப், இத்தாலில 1944ல கண்ணிவெடி மேல விழுந்து மத்தவங்கள காப்பாத்தி ஜார்ஜ் கிராஸ் வாங்கின சுபேதார் சுப்ரமணியன் அந்தப் பிரிவுதான். சர்வீஸ் கார்ப்ஸ் தெற்கு ரெக்கார்ட்ஸும் பயனியர் ரெக்கார்ட்ஸும் பெங்களூர், சிக்னல்ஸ் ஜபல்பூர், ஈ.எம்.ஈயும் (வண்டி, மெஷின் ரிப்பேர் பிரிவு) ஆர்டினன்ஸும் (ஆயுத, தளவாடக் கிடங்குப் பிரிவு) செகந்திராபாத், மெடிக்கல் லக்னோ, பீரங்கின்னா நாசிக் ரோடு.

இங்க பென்ஷன் கேள்வி உயிர்நாடி. பென்ஷன் வாங்காதவங்களோட சர்வீஸ் பேப்பர 25 வருஷம் வச்சிருந்துட்டு அழிச்சிடணும்ங்கறது ராணுவ விதி. 1946ல வீட்டுக்கு வந்தவரோட ஃபைல் 1970களோட ஆரம்பத்துலயே போயிருக்கும். நிறைய பேரு "ரெக்கார்ட்ஸ் டெஸ்ட்ராய்ட்"ங்கற பதில பாத்துட்டு அத்தோட விட்டுடறாங்க, விடாதீங்க. லாங் ரோல்னு ஒரு ரெஜிஸ்டர் இருக்கு, படைல சேந்தவங்கள வரிசையா குறிச்சு வச்ச பேரேடு, அத நிரந்தரமா வச்சிருக்கணும். அதனால லெட்டர்லயே "சர்வீஸ் டாக்குமென்ட் அழிச்சிருந்தா லாங் ரோல் என்ட்ரியோட நகல் வேணும்"னு தெளிவா எழுதிடுங்க, அந்த வார்த்தைய போடலன்னா அவங்களா தேடிக் கொடுப்பாங்கன்னு எதிர்பாக்க முடியாது. பென்ஷன் வாங்கினவர்னா பி.பி.ஓ நம்பர் (பென்ஷன் உத்தரவு நம்பர்) இருந்தா போதும், பிரயாக்ராஜ்ல (பழைய அலகாபாத்) இருக்கற ராணுவ பென்ஷன் கணக்கு ஆபீஸ் பக்கமும் ஒரு கதவு திறக்கும்.

சாதாரண லெட்டரா, ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவான்னு கேட்டா, முதல்ல லெட்டர், ரெண்டு மாசம் பதில் இல்லன்னா ஆர்.டி.ஐ. 10 ரூபாதான் ஃபீஸ், 30 நாள்ல பதில் சொல்லியாகணும். தனிப்பட்ட தகவல்னு மறுத்தா 8(3) பிரிவ எடுத்துக் காட்டுங்க, 20 வருஷத்துக்கு மேல பழசான விஷயத்துக்கு அந்தக் காரணம் செல்லாதுன்னு சட்டமே சொல்லுது. எடுத்த எடுப்புலயே ஆர்.டி.ஐ போட்டா கேட்ட கேள்விக்கு மட்டும் ஒத்த வரில பதில் வரும், மரியாதையா லெட்டர் எழுதி தாத்தா, குடும்பம்னு ரெண்டு வரி சேத்தா சில சமயம் யாரோ ஒரு நல்ல மனுஷன் கூடுதலா தேடிப் பாப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது.

இதெல்லாம் சிங்கப்பூர்ல பிடிபடாதவங்களுக்கு. 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்தப்ப அங்க இருந்தவர்னா, அப்புறம் ஐ.என்.ஏல (இந்திய தேசிய ராணுவம்) சேந்தாரா இல்லையாங்கறத பொறுத்து பாதை ரெண்டா பிரியும். ஐ.என்.ஏல இருந்து திரும்பினவங்கள பிரிட்டிஷ்காரங்க வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு மூணா பிரிச்சாங்க, கறுப்புன்னு முத்திரை குத்தினவங்கள படைலேருந்து நீக்கினாங்க, அதனால ராணுவ ரெஜிஸ்டர்ல "டிஸ்மிஸ்டு"ன்னு இருந்தா பதறாதீங்க, கதை வேற மாதிரி இருக்கலாம். ஐ.என்.ஏக்காரங்களுக்கு ரெக்கார்ட் ஆபீஸ விட தியாகிகள் பென்ஷன் ஃபைல்தான் நல்ல வழி, மத்திய அரசு அத 1972ல ஆரம்பிச்சது, கூட இருந்த ஆளுங்க கொடுத்த சான்று எல்லாம் அதுல இருக்க வாய்ப்பு உண்டு. மலேயா எஸ்டேட்டுலேருந்து நேரா ஐ.என்.ஏக்கு போன தமிழர்களுக்கு இந்தியன் ஆர்மில எந்த ரெக்கார்டும் இருக்காது, அவங்களுக்கு இது மட்டும்தான், கூடவே டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல இருக்கற ஐ.என்.ஏ பேப்பர்கள்.

ஆவணக் காப்பகம்னதும் ஞாபகம் வருது. தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல்ங்கற போர்ட்டல் இலவசம், உக்காந்த இடத்துலேருந்தே தேடலாம், ஆனா அங்க கிடைக்கறது அரசாங்க ஃபைல், தனி ஆளோட வாழ்க்கை இல்ல. எழும்பூர்ல இருக்கற தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் அப்படித்தான், ஒரே ஒரு காரணத்துக்கு மட்டும் அங்க போகலாம்: பட்டாளத்துக்காரருக்கு சர்க்கார் நிலம் கொடுத்ததுன்னு குடும்பத்துல பேச்சு இருந்தா பழைய ஜி.ஓக்கள்ல தேடிப் பாக்கலாம், அதுக்கும் முன்னாடி தாலுகா ஆபீஸ்ல அந்த நிலத்தோட பழைய பதிவ பாக்கறது புத்திசாலித்தனம். பஞ்சாப்காரங்க இதுல கொடுத்து வச்சவங்க, முதல் போர்ல போன சுமார் 3,20,000 பேரோட ரெஜிஸ்டர் லாகூர் மியூசியத்துல தூங்கிட்டு இருந்தத எடுத்து கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க, கிராமம் வாரியா தேடலாம். நம்ம ஊருல சில கிராமத்துல "இந்த கிராமத்துலேருந்து இத்தன பேரு போருக்கு போனாங்க, இத்தன பேரு உயிர விட்டாங்க"ன்னு ஒரு கல்லு பதிச்சிருக்கும், அதுலயும் எண்ணிக்கைதான், பேரு இல்ல.

கடைசியா லண்டன் கியூல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ். நான் முன்னாடி லண்டன திட்டினேன்ல, இதுக்கு மட்டும் விதிவிலக்கு. அங்க போர் டைரி இருக்கு, ஒவ்வொரு யூனிட்டும் தினமும் எங்க இருந்தது என்ன பண்ணதுன்னு எழுதி வச்சது. அங்க கேக்க வேண்டிய வரிசை நம்பர், பர்மா பக்கம்னா டபிள்யூ ஓ (வார் ஆபீஸ்) 172, மத்திய கிழக்குன்னா 169, இத்தாலின்னா 170. சிப்பாய் பேரு அதுல வர்றது அபூர்வம், ஆனா இந்தத் தேதில இந்த ரோட்டுல மழைல லாரி மாட்டிக்கிச்சு, இத்தன வண்டி போச்சுன்னு இருக்கும். சேந்த தேதி, விலகின தேதி தெரிஞ்சவங்களுக்கு அதுக்கு நடுவுல நடந்தத சொல்றது இது ஒண்ணுதான். ஆனா யூனிட்டோட சரியான நம்பர் தெரியாம இத தொடவே கூடாது, சர்வீஸ் கார்ப்ஸ்ல மட்டும் எக்கச்சக்க கம்பெனி. காசு கட்டி நகல் எடுக்கச் சொல்லலாம், பக்கம் கூடக்கூட செலவும் கூடும். லண்டன்ல சொந்தக்காரங்களோ ஃப்ரெண்டோ இருந்தா அதான் சிக்கனம், ரீடர் டிக்கெட் இலவசம், சொந்த போன்ல போட்டோ எடுக்கவும் காசு இல்ல. காசு வாங்கிட்டு தேடிக் கொடுக்கற ஆளுங்களும் இருக்காங்க, டைரி நம்பர தெரிஞ்சு வச்சுக்கிட்டு போட்டோ மட்டும் எடுக்கச் சொல்றதுன்னா சரி, "மொத்தமா தாத்தாவ கண்டுபிடிச்சுக் கொடுங்க"ன்னு மட்டும் யார்கிட்டயும் காசு கொடுக்காதீங்க.

ஆக இறந்தவர்னா கல்லறை கமிஷன், ஐ.என்.ஏன்னா தியாகி பென்ஷன் ஃபைல், திரும்பி வந்தவர்னா வீடு, நல அலுவலகம், ரெக்கார்ட் ஆபீஸ், அப்புறம் கியூ, இந்த வரிசைல. வரிசைய மாத்தினா நான் பட்ட பாடுதான்.

எங்களுக்கு வந்த லாங் ரோல் நகல் மொத்தம் ஒரே ஒரு வரி. நம்பர், பேரு, டிரைவர், சேந்தது 1942, விலகினது 1946, காரணம் ஆட்குறைப்பு. வயசு மட்டும் இடிக்குது, அதுல சேரும்போது 18ன்னு இருக்கு, அம்மா கணக்குப்படி அவருக்கு அப்ப 16தான். பொய் சொல்லித்தான் சேந்திருப்பார். ஜப்பான்காரன்கிட்ட மாட்டினதுக்கு அந்த ஒத்த வரில ஒண்ணும் இல்ல, சித்தி அத ஒத்துக்கல, ரகசியமா வச்சிருப்பாங்கடாங்கறாங்க. கம்பெனி நம்பர் அதுல இல்லாததால மாட்டிக்கிட்டு நின்னோம், அப்புறம் பெரிய மாமா வீட்டு குரூப் போட்டோல முன் வரிசைக்காரங்க காலடில ஒரு சிலேட்டு இருக்கறத என் பொண்ணுதான் பாத்தா. முதல் ரெண்டு இலக்கம் தெளிவா தெரியுது, மூணாவது மூணா எட்டான்னு வீடு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு. ரெண்டு டைரியும் சேத்து போட்டோ எடுக்கச் சொல்லி லண்டன்ல இருக்கற தம்பி ஃப்ரெண்டுக்கு மெசேஜ் போட்டிருக்கேன், லீவு கிடைச்சதும் போறேன்னு சொல்லியிருக்கான்.